அம்புக்குறி ஸ்டிக்கர்

சனிக்கிழமை சம்பளக் கவரைக்
கிழியாமல் பிரிப்பேன்.
அதன் முதுகில்தான் அடுத்த வாரத்தை எழுத வேண்டும்.

வாடகை, சீட்டு, மிதுனின் சளி மருந்து போக
அடுப்படிக்கு ஆயிரத்து நானூறு.
பாலுக்கு முன்னூற்றைம்பது
மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால்.
மிச்சத்தை ஏழால் வகுத்தால் நூற்றைம்பது.
மீதி இல்லாத கணக்கு
இந்த வீட்டில் இது ஒன்றுதான்.

திங்கள், அரிசிம்பருப்புச் சோறு.
செவ்வாய், பச்சைப்பயிறு கடைசல்.
புதன், கீரை, ஆளுக்கு அரை முட்டை.
வியாழன் ராகிக் களி என்று எழுதி
அடித்துவிட்டுத் தோசை
(கறுப்பாக இருப்பதைத் தாரிகா தொடமாட்டாள்).
வெள்ளி, தக்காளிச் சட்னி,
உழவர் சந்தையில் கிலோ இருபதைத் தாண்டாவிட்டால்.
தாண்டினால் தேங்காய்.
தேங்காயும் தாண்டினால்
பொட்டுக்கடலை, தண்ணி, தைரியம்.

பகலெல்லாம் எனக்குச் செக்கிங் டேபிள்.
டியூப்லைட்டுக்கு அடியில் பனியனை விரித்து
ஊசிமுனை ஓட்டை என்றாலும்
அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவேன்.
எண்ணெய்க் கறை. விட்ட தையல். நூல் பிசிறு.
"வசுமதி கண்ணுக்குத் தப்பாதுங்க"
என்பார் சூப்பர்வைசர், பையரிடம்.

ராத்திரி எட்டு மணிக்கு
என் சோற்றை இரண்டு பேர் செக்கிங் பார்க்கிறார்கள்.

மிதுனுக்கு இரண்டு வயதாகவில்லை.
ஆள்காட்டி விரலே அம்புக்குறி.
கடுகு, "பூச்சி."
கருவேப்பிலை, "பூச்சி."
சீரகம், "குட்டிப் பூச்சி."
மூன்றரை வயதுத் தாரிகா எதுவும் சொல்வதில்லை.
தட்டை ஓரமாக நகர்த்துவாள்,
ஏற்றுமதிக்கு ஆகாததை
நான் நகர்த்துவது போலவே.

தாளிக்காமல் கடைந்து பார்த்தேன்.
தாளித்து வடிகட்டியும் பார்த்தேன்.
கேரட்டைத் துருவித் தோசைமாவில் ஒளித்தால்
"தோசைக்கு வெக்கமாம்மா?" என்று கேட்டாள்.

"பசிச்சாத் தானாத் திங்கும், உடு"
என்பார் அவங்கப்பா.
பசித்த பிள்ளை விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து அழுகையில்
அவர் நைட் ஷிப்டில் இருப்பார்.

இந்தப் புதன்கிழமை கம்பெனியில் ஆர்டர் இல்லை.
இரண்டு நாள் லீவு என்றார்கள்.
சம்பளம் பற்றி அவர்களும் சொல்லவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.
கவரின் முதுகில் முட்டையை அடித்தேன்,
நூற்றைம்பதை எண்பதாக்கினேன்.

மத்தியானம் தாரிகாவைக் காணோம்.

லைன் வீட்டில் அடுத்த கதவு சபித்ரியுடையது.
ஒடிசாவிலிருந்து வந்து பத்து மாதம்,
கைமடிக்கிற வேலை.
அந்த வாசலில், அவள் மகனுக்கு எதிரே
சம்மணம் போட்டு உட்கார்ந்து
தண்ணீர் ஊற்றிய பழைய சோற்றையும்
மசித்த உருளைக்கிழங்கையும்
முழங்கை வரை வழிய அள்ளிக்கொண்டிருந்தாள் என் மகள்.
கடுகெண்ணெய் நெடி எனக்கே மூக்கில் ஏறியது.
காலையில் என் வீட்டில்
அவள் நகர்த்தி வைத்ததும்
அதே ரேஷன் அரிசிப் பழையதுதான்.

கோபம் வந்தது.
அப்புறம் சிரிப்பு.
அப்புறம் கணக்கு.

அவள் பையன் பிக்கு உள்ளே வந்து
என் அரிசிம்பருப்பைக் கடுகோடு தின்றான்.
"பூச்சி" என்று மிதுன் எச்சரித்தான்.
அவன் இன்னொரு வாய்க்கு ஆ காட்டினான்.
மிதுன் அதைப் பார்த்தான்.
வெகுநேரம் பார்த்தான்.
தின்னவில்லை. பார்த்தான், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும்
சபித்ரியும் நானும் சட்டியை மாற்றிக்கொண்டோம்.
அவளுக்குத் தெரிந்த தமிழ் "போதுங்க",
எனக்குத் தெரிந்த ஒடியா "ஆலு".
இரண்டையும் வைத்து ஒரு வேளை ஓடிவிட்டது.

சனிக்கிழமை
தாரிகா உருளைக்கிழங்கையும் நகர்த்திவிட்டாள்.

கவர் இந்த வாரம் மெலிசு.
திங்கள் எழுதினேன். செவ்வாய் எழுதினேன்.
புதனுக்கு நேரே சோற்றின் பேர் எழுதாமல்
ஓர் அம்புக்குறி போட்டேன்,
பக்கத்துக் கதவைப் பார்த்து.

முட்டை ஆறே முக்கால் ஆகிவிட்டதாம்.